பிளாஸ்கட் தீவு வழியாகப் புறநானூறு

அயர்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி, அட்லாண்டிக் கடலுக்குள் பிளாஸ்கட் என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. இன்று அங்கே நிரந்தரக் குடிகள் இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்த குடும்பங்களை 1953இல் அரசு கரைக்குக் குடியேற்றிவிட்டது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் தாம்சன் என்ற இளைஞர், ஐரிஷ் மொழி பழக அந்தத் தீவில் போய் இறங்கினார். மீன்பிடித்தும் ஆடு வளர்த்தும் காலம் தள்ளிய சனங்கள் அங்கே இருந்தவர்கள். அவர்கள் பேசுவதைக் காதால் கேட்ட பிறகுதான் ஹோமரின் பாட்டு மொழி தனக்குப் பிடிபட்டது என்று தாம்சன் பிற்காலத்தில் எழுதினார். தீவுக்காரர் ஒருவரைத் தன் கதையை எழுதும்படி தூண்டினார். அந்தப் புத்தகம் 1933இல் வெளிவரவும் ஆங்கிலத்துக்குப் போகவும் துணை நின்றார். கால்வே கல்லூரியில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியிலேயே பாடம் நடத்தினார்.

இந்தத் தாம்சன் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்தபோது, 1960களில், இலங்கையிலிருந்து ஒரு தமிழர் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் க. கைலாசபதி. கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பள்ளி படித்து, பேராதனையில் பட்டம் பெற்று, ‘தினகரன்’ நாளிதழின் ஆசிரியராகவும் இருந்தவர். ஆய்வுப் பொருளாக அவர் எடுத்துக்கொண்டது சங்கப் பாடல்கள்.

சங்கப் பாடலை ஆராயக் கிரேக்கப் பேராசிரியர் எதற்கு? தமிழ் மட்டும் தெரிந்த வழிகாட்டியிடம் போயிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கேள்விகளை எளிதில் ஊகிக்கலாம். பாடலின் காலம் என்ன, பாடியவர் யார், பாடப்பட்ட மன்னன் எந்த மரபு, உரைகாரர் சொன்னது சரியா. இவை நல்ல கேள்விகள்தான். அன்றைய தமிழறிஞர்கள் இவற்றுக்காக வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். கைலாசபதி கேட்டது வேறு. இந்தப் பாடல்கள் எப்படிச் செய்யப்பட்டன? பாணரும் பொருநரும் விறலியரும் ஊர் ஊராக அலைந்து பாடிய ஒரு சமூகத்தில் பாட்டுக் கட்டும் தொழில் எப்படி நடந்தது? ஹோமரைப் பற்றி இதே கேள்வியை அதற்கு முன்பே ஒருவர் கேட்டு, விடை தேடிப் பால்கன் நாடுகளுக்குப் போயிருந்தார்.

அவர் மில்மன் பாரி, அமெரிக்கர். 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் காப்பிக் கடைகளில் பாடும் பாடகர்களைத் தேடிப் போய் ஒலிப்பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் அவருக்குப் பாடிக்காட்டிய ஒரு கதைப்பாட்டு பன்னிரண்டாயிரம் அடிகளைத் தாண்டியது. அது மனப்பாடம் செய்து ஒப்பித்தது அல்ல. யாப்புக்குள் அடங்கும் ஆயத்தத் தொடர்கள், ஆயுதம் பூணுதல், அவை கூடுதல் போன்ற ஆயத்தக் காட்சிகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பாடப் பாடக் கட்டிக்கொண்டே போனது. பாரி 1935இலேயே இறந்துவிட, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த வேலையைத் தொடர்ந்து 1960இல் புத்தகமாக்கினார்.

இதைப் படித்தவர் கண்ணுக்கு ஆற்றுப்படைகள் வேறு மாதிரித் தெரியும். வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞன், அவன் யாழின் உறுப்பு உறுப்பான வருணனை, வள்ளல் வாசலுக்குப் போகும் வழி, அங்கே அவனுடைய கந்தலைக் களைந்து மெல்லிய புத்தாடை உடுத்துதல், ஊனும் கள்ளும், பொற்றாமரைப் பூவும் விறலிக்கு அணியும், புறப்படும்போது தேரும் யானையும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வாசலில் நடப்பது, பெயரும் நிலமும் மாறி, சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் வாசலிலும் நடக்கிறது. தமிழ் மட்டும் படித்தவர் இதை விருந்தோம்பல் பண்பு என்பார், அல்லது ஒருவர் பாட்டை ஒருவர் பின்பற்றினார் என்பார். கைலாசபதி இதில் ஒரு தொழிலின் கருவிப்பெட்டியைப் பார்த்தார். துறை என்று தமிழ் இலக்கணம் வகுத்து வைத்திருப்பதும், லார்ட் கண்ட ஆயத்தக் காட்சியும் உறவுக்காரர்கள் என்றார். கிரேக்கம், ஐரிஷ், வெல்ஷ் வீரப்பாடல்களோடு புறத்திணையை ஒரே மேசையில் பரப்பி வைத்தார். அந்த ஆய்வேட்டை ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகம் 1968இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே ‘ஒப்பியல் இலக்கியம்’ என்று தமிழிலும் ஒரு நூல் தந்தார்.

அவருடைய முடிவு இன்று அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட், சங்கப் புலவர்கள் எழுத்தறிந்தவர்கள், வாய்மொழிப் பாணர் மரபை மாதிரியாக வைத்துக்கொண்டு எழுதியவர்கள் என்று வாதிட்டார். கொடுமணலிலும் கீழடியிலும் சாதாரணப் பானை ஓட்டில் ஆள் பெயர் கீறிவைத்திருக்கும் தமிழி எழுத்துகளைப் பார்த்த பிறகு, எழுத்தறியாச் சமூகம் என்ற படத்தை வைத்துக்கொள்வது கடினம். ஆனால் இந்த மறுப்பு, ஏற்பு, திருத்தம் எல்லாமே கைலாசபதி போட்ட களத்தில்தான் நடக்கின்றன. தோற்க வாய்ப்புள்ள ஒரு கருத்தை முன்வைப்பதுதான் ஆய்வு. ‘கம்பனும் உயர்ந்தவன், மில்டனும் உயர்ந்தவன்’ என்பது எந்தக் காலத்திலும் தோற்காது. அதனால் எந்தப் பயனும் இல்லை.

அதே 1960களில் இன்னொரு தெற்காசிய மாணவி, வேறொரு கண்டத்தில், கிட்டத்தட்ட இதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார் என்பது தமிழில் அதிகம் பேசப்படாத செய்தி. வங்க எழுத்தாளர் நபநீதா தேவ் சென், பாரி-லார்ட் முறையை வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் பொருத்திப் பார்த்து 1966இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிற்காலத்தில் சந்திராவதியின் வங்க ராமாயணத்தையும், பல மொழிகளில் பெண்கள் பாடும் சீதைப் பாட்டுகளையும் தேடிப் போனதும் அவர்தான். அவருக்கு அடித்தளம் போட்டது கொல்கத்தா.

அங்கே யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956இல் கவிஞர் புத்ததேவ் போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. சுதேசி இயக்கத்தின் சூட்டில் வங்காளத்தில் தேசியக் கல்விக் கழகம் பிறந்திருந்தது. ஒப்பிலக்கியம் பற்றிப் பேச வேண்டும் என்று அது 1907இல் தாகூரை அழைத்தது. தாகூர் அதற்கு விஸ்வ சாகித்யம் என்று பெயர் வைத்துக்கொண்டு பேசினார். அந்தக் கழகத்தின் வாரிசுதான் யாதவ்பூர் பல்கலைக்கழகம். போஸ் நாற்காலிப் பேராசிரியர் அல்லர். காளிதாசனின் மேகதூதத்தையும் பொதலேரையும் ஹோல்டர்லினையும் ரில்கேயையும் வங்கத்தில் பெயர்த்தவர். அந்தத் துறையில் பின்னர் பாடம் சொன்ன மானபேந்திர பந்தோபாத்யாய், லத்தீன் அமெரிக்க இலக்கியத்தை வங்க வாசகருக்கு அறிமுகம் செய்தவர். பாடம் சொல்பவரே மொழிக்கும் மொழிக்கும் இடையே சுமை தூக்கிப் பழகியவராக இருந்ததால், மாணவர்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

இங்கே ஒப்பிலக்கியம் பெரும்பாலும் எம்.ஏ. தமிழில் ஒரு தாள். பிரெஞ்சுக் கொள்கை, அமெரிக்கக் கொள்கை, தாக்கக் கோட்பாடு, இணைநிலை என்று தலைப்புகள் ஓடும். கெதே 1827இல் எக்கர்மனிடம் உலக இலக்கியம் பற்றிச் சொன்னது ஒரு குறுவினா. தேர்வு முடிந்ததும் அதன் பயன் ஆய்வேட்டுத் தலைப்பில் தெரியும். இரண்டு பெயர்கள், நடுவே ஓர் ‘உம்’, பின்னால் ‘ஓர் ஒப்பாய்வு’. முதல் இயல் வாழ்க்கை வரலாறு, இரண்டாம் இயல் ஒற்றுமைகள், மூன்றாம் இயல் வேற்றுமைகள். இருவரும் இயற்கையைப் பாடினர், இருவரும் விடுதலையை விரும்பினர், ஒருவர் கிழக்கில் பிறந்தார், மற்றவர் மேற்கில் பிறந்தார். தமிழ்த் துறை நூலகங்களில் ஆய்வேட்டு அடுக்குகளைப் புரட்டியவர்களுக்கு இந்தச் சட்டகம் பழக்கமானது.

இந்தத் துறையில் இங்கே நல்ல வேலை நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். வ.வே.சு. ஐயர் சிறையில் இருந்தபடி கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், ஹோமர், வர்ஜில், மில்டன் என எல்லாரையும் இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தியது. கம்பனே மேல் என்று தீர்ப்பும் சொன்னது. அந்த நூலின் நுணுக்கமான வாசிப்பைப் பின்வந்தவர்கள் விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தொ.மு.சி. ரகுநாதன் தாகூரையும் பாரதியையும் வைத்து ‘கங்கையும் காவிரியும்’ எழுதினார். ‘பாரதியும் ஷெல்லியும்’ எழுதினார். ஆங்கிலப் பேராசிரியர்களான வை. சச்சிதானந்தன் விட்மனையும் பாரதியையும், கா. செல்லப்பன் ஷேக்ஸ்பியரையும் இளங்கோவையும் ஆராய்ந்தார்கள். ஆங்கிலமும் தமிழும் இவர்கள் கையில் இருந்தன. எடுத்துக்கொண்ட மூலங்களில் பெரும்பாலானவை அந்த இரு மொழிகளில் இருந்தன. அதனால் வேலை நடந்தது. சிக்கல் இந்த இணையை விட்டு வெளியே கால் வைக்கும்போது தொடங்குகிறது. தல்ஸ்தோயைத் தமிழ் மொழிபெயர்ப்பிலும், தகழியை ஆங்கில மொழிபெயர்ப்பிலும் படித்துவிட்டு ஒப்பாய்வு எழுத இங்கே யாரும் தடை சொல்வதில்லை. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் மொழியை, ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் பிறந்த மொழி வழியாகப் படிப்பதில் யாருக்கும் வெட்கமும் இல்லை.

மூல மொழி தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹார்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1975இல் வந்த அவருடைய நூல், அகப் பாடல்களுக்குப் பக்கத்தில் ஹாலனின் ‘சத்தசஈ’யை வைத்தது. சாதவாகன அரசன் ஒருவன் பெயரில் வழங்கும் இந்தத் தொகுப்பு மகாராட்டிரப் பிராகிருதத்தில் ஆனது; சுமார் எழுநூறு சிறு பாடல்கள். கோதாவரிக் கரை, வயல், சிற்றூர், பொருள் தேடிப் போன கணவன், கார்மேகத்தைக் கண்டு கலங்கும் மனைவி, தோழி, களவில் சந்திக்கும் காதலர். தமிழ் வாசகருக்கு முல்லையையும் குறிஞ்சியையும் வேறு மொழியில் கேட்பது போல இருக்கும். பேசுபவர் யார் என்று சொல்லாமல் சொல்வது, வெளிப்படையாக ஒன்றும் உள்ளே இன்னொன்றுமாகப் பொருள் வைப்பது என்று உத்தியிலும் நெருக்கம். காளிதாசன் காலத்து சம்ஸ்கிருதக் காதல் கவிதையில் திடீரென்று தலைகாட்டும் பல படிமங்கள் பழைய வேத இலக்கியத்தில் இல்லை. பிராகிருதத்தில் இருக்கின்றன, தமிழில் இருக்கின்றன. ஆகவே தக்காணத்தில் நிலவிய ஒரு பொது வாய்மொழி மரபிலிருந்து இரண்டும் ஊறியிருக்க வேண்டும் என்றார் ஹார்ட். இதையும் எல்லாரும் ஏற்கவில்லை. ஹெர்மன் டீக்கன் போன்றவர்கள் நேர்மாறாக, சங்கப் பாடல்களைப் பிற்காலக் காவிய மரபுக்குள் தள்ளப் பார்த்தார்கள். அதற்கு ஹார்ட் கடுமையாகப் பதில் எழுதினார்.

தமிழின் தொன்மை பற்றியும் தனித்தன்மை பற்றியும் மேடையில் தொண்டை கிழியப் பேசுகிறோம். அந்த வழக்கை ஆய்வு மன்றத்தில் நடத்தத் தேவைப்படும் ஆதாரம் பிராகிருதத்தில் கிடக்கிறது. டீக்கனுக்கு மறுப்பு எழுதப் பிராகிருதம் படித்த தமிழ் எம்.ஏ. பட்டதாரிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தஞ்சாவூரில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. நாயக்கர், மராத்தியர் காலத்துத் தஞ்சை அரண்மனையில் எழுந்த இலக்கியத்தில் பெரும்பகுதி தெலுங்கு. மராத்திய மன்னர் சாகஜியின் பெயரில், பாத்திரங்கள் ஐந்து மொழியில் பேசும் ஒரு நாடகமே இருக்கிறது. அதே அரண்மனையில், பிரதாபசிம்மன் காலத்தில், முத்துப்பழனி என்ற கணிகை ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியம் பாடினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதை முழுமையாக அச்சேற்றியபோது ஆபாசம் என்று கூச்சல் கிளம்பி, ஆங்கில அரசு தடையும் போட்டது. தமிழ் மண்ணில், தமிழ் கேட்டு வளர்ந்த சூழலில், ஒரு பெண் எழுதிய நூல். ஆண்டாளின் அகமும் பதம் பாடும் மரபும் இதற்குள் எப்படிக் கலந்தன என்று கேட்க இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். நாயக்கர் கால அரசவையைப் பற்றி இன்று உலகம் மேற்கோள் காட்டும் ‘சிம்பல்ஸ் ஆஃப் சப்ஸ்டன்ஸ்’ நூலை 1992இல் எழுதியவர்கள் மூவர்: தெலுங்கறிஞர் வெல்சேரு நாராயண ராவ், தமிழும் தெலுங்கும் சம்ஸ்கிருதமும் அறிந்த ஜெருசலேம் பேராசிரியர் டேவிட் ஷுல்மன், போர்த்துக்கீசிய, டச்சு ஆவணங்களில் ஊறிய சஞ்சய் சுப்ரமணியம். தஞ்சை, மதுரை, செஞ்சி பற்றிய நூல்தான். தஞ்சையிலும் மதுரையிலும் செஞ்சியிலும் இருப்பவர்கள் அதை எழுதவில்லை.

மூன்றாவது மொழி என்றதும் இந்த மாநிலத்தில் காதுகள் விடைத்துக்கொள்வது இயல்பே. 1968 முதல் இருமொழிக் கொள்கை. அதைக் காக்க நடந்த போராட்டத்தின் நினைவு ஆறவில்லை, ஆற வேண்டியதும் இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை மேல் அரசு ஏற்றிவைக்கும் மொழியும், இருபத்திரண்டு வயது ஆய்வாளர் தன் வேலைக்காகத் தேர்ந்து கற்கும் மொழியும் ஒன்றாகாது. இங்கே கேட்பது இந்தியும் இல்லை. சிலம்பை ஆராய்பவருக்கு மலையாளமோ பிராகிருதமோ வேண்டும், சிந்தாமணிக்கு சம்ஸ்கிருதமும் கன்னடமும், சீறாப்புராணத்துக்கு அரபு, ஈழ இலக்கியத்துக்குச் சிங்களம், மலேசியத் தமிழ் நாவலுக்கு மலாய். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சா. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடையாய் நடந்து அவர்கள் மரபைக் கேட்டுக் கற்றார். சைவக் கல்வியில் வளர்ந்தவர் அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் மாணவராக உட்கார்ந்ததால்தான் 1887இல் அந்தப் பதிப்பு வந்தது.

கையில் இருக்கும் மொழியையும் வீணாக்குகிறோம். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு, ஓசூரில் தெலுங்கும் கன்னடமும், வாணியம்பாடி, ஆம்பூரில் உருது, மதுரையில் சௌராஷ்டிரம், மார்த்தாண்டத்தில் மலையாளம். பேச்சு வரும், எழுத்துத் தெரியாது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. தெலுங்கு பேசும் ஒரு கூட்டம் தெற்கே இடம்பெயர்ந்த கதை. அதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. வீட்டுப் பாட்டி பாடும் தெலுங்குப் பாட்டும் இடப்பெயர்வுக் கதையும் காதில் விழுந்தபடியே வளர்ந்த ஒரு மாணவர், லிபியையும் கற்றுக்கொண்டு, ராயலசீமையின் வாய்மொழிக் கதைகளோடு கி.ரா.வை வைத்துப் பார்த்தால், அது வேறு எந்தப் பல்கலைக்கழகத்தாலும் செய்ய முடியாத ஆய்வாக இருக்கும். தெலுங்கு லிபிக்கு ஒரு மாதம் போதும்.

மொழிபெயர்ப்பு இருக்கும்போது மூலம் எதற்கு, போனைக் காட்டினால் எந்தப் பக்கத்தையும் பெயர்த்துத் தருகிறதே என்பது இப்போது கேட்கப்படும் கேள்வி. வாசகருக்கு மொழிபெயர்ப்பு போதும். ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலம் இல்லாவிட்டால் குறுந்தொகைக்கு இவ்வளவு உலக வாசகர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆய்வாளர் கதை வேறு. பாரி பிடித்ததும் கைலாசபதி பிடித்ததும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வைத்துத்தான். நல்ல மொழிபெயர்ப்பாளர் முதலில் செய்வது அந்தத் திரும்ப வருதலை மறைப்பது. ஒரே அடைமொழி ஐந்தாம் முறை வந்தால் அலுப்புத் தட்டாமல் இருக்க மாற்றிப் போடுவார். இயந்திரம் அதைவிடத் தாராளமாக மாற்றும். ஆய்வுக்கு வேண்டிய தடயம் எதுவோ அதுவே துடைக்கப்பட்டு வந்து சேரும்.

வேலைவாய்ப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் சமாதானம் சொல்ல முடியாது. யு.ஜி.சி. நடத்தும் நெட் தேர்வில் ஒப்பிலக்கியம் ஒரு தனிப் பாடம். அதன் எண் 72. தேர்ச்சி பெற்று இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதுவரை சரி. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நவீன இந்திய மொழிகள் துறையிலும், இன்னும் சில இடங்களிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. அங்கே பட்டம் வாங்கியவர் ஊர் திரும்பினால், அரசுக் கல்லூரித் தமிழ்த் துறை எம்.ஏ. தமிழ் கேட்கும், ஆங்கிலத் துறை எம்.ஏ. ஆங்கிலம் கேட்கும். மூன்று மொழி தெரிந்தவர் இரண்டு வாசலிலும் தகுதியற்றவராகி நிற்பார். கூர்மையான பிள்ளைகளை இந்தப் பக்கம் வா என்று கூப்பிட எந்த ஆசிரியருக்கும் மனம் வராததற்கு இதுவே காரணம்.

மேலைநாடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் இப்போது இடமில்லை. அமெரிக்க ஒப்பிலக்கியத் துறைகளில் முனைவர் பட்டம் என்றால் மூன்று இலக்கியங்களையாவது மூல மொழியில் படித்தாக வேண்டும் என்பது நீண்ட கால வழக்கம். அதற்கென்று ஒரு தேர்வு வைப்பார்கள்: அகராதியைக் கையில் கொடுத்து, முன்பின் பார்க்காத ஒரு பகுதியைத் தந்து, சில மணி நேரத்தில் பெயர்த்து எழுதச் சொல்வார்கள். பேச வராவிட்டாலும் பரவாயில்லை, படிக்க வர வேண்டும். அந்த நாட்டிலேயே இப்போது மொழித் துறைகள் ஆட்டம் காண்கின்றன. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023இல் தன் உலக மொழிகள் துறையையே கலைத்தது. ராமானுஜன் பல ஆண்டுகள் பாடம் சொன்ன சிகாகோ பல்கலைக்கழகம், 2025இல் தன் கலைப் புலத் துறைகள் பலவற்றில் புதிய முனைவர் பட்டச் சேர்க்கையை நிறுத்திவைத்தது. கொல்கத்தாவில் பிறந்த காயத்ரி ஸ்பிவக் 2003இலேயே ‘ஒரு துறையின் மரணம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஐரோப்பிய மொழிகளுக்குள்ளேயே சுற்றிவந்த ஒப்பிலக்கியம் பிழைக்க வேண்டுமானால், ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளை ஒழுங்காக, இலக்கணத்தோடு கற்க வேண்டும் என்பது அதில் அவருடைய வாதம். அங்கே அந்த வழி குறுகிவருகிறது. மொழிகள் இங்கேதான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. புதிய பல்கலைக்கழகமோ, புதிய கட்டடமோ, வெளிநாட்டில் இன்னோர் இருக்கையோ தேவைப்படாது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 10 கோடி ரூபாய் கொடுத்த மாநிலத்துக்கு இது சில்லறைச் செலவு. முனைவர் பட்டத்துக்கு முன் ஆய்வாளர்கள் எழுத வேண்டிய பாடநெறிக்கு யு.ஜி.சி.யின் 2022 விதிகள் குறைந்தது 12 மதிப்பலகுகள் வைத்திருக்கின்றன. இப்போது அதில் ஆய்வு நெறிமுறை, மேற்கோள் காட்டும் முறை என்று ஏதேதோ நடக்கிறது. தமிழ் ஆய்வாளருக்கு அதில் நான்கை இன்னொரு மொழிக்கு ஒதுக்கலாம். எந்த மொழி என்பதை ஆய்வுப் பொருள் தீர்மானிக்கட்டும். ‘ஒப்பாய்வு’ என்று தலைப்பு வைப்பவருக்கு மட்டும் அது கட்டாயம். ஒப்பிடும் மொழியில் ஒரு பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்துத் தமிழில் எழுதிக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்ளட்டும்.

கற்பிக்க ஆள் எங்கே என்று கேட்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், சம்ஸ்கிருதம், அரபு-பாரசீகம்-உருது என்று துறைகள் இருக்கின்றன. மெரினா வளாகத்தில் இவற்றில் பல பக்கத்துப் பக்கத்து அறைகள். சேர்க்கை குறைவு, இடங்கள் காலி என்று அந்த மொழித் துறைகள் தவிக்கின்றன. தமிழ்த் துறையின் ஆய்வாளர்கள் வாரத்துக்கு நான்கு மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்தால் இரண்டு தரப்புக்கும் உயிர் வரும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குச் சரசுவதி மகால் நூலகம் அதே ஊரில் இருக்கிறது. அங்கே தெலுங்கும் மராத்தியும் சம்ஸ்கிருதமும் ஓலையிலும் தாளிலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஊக்கத்தொகை தரும் முதலமைச்சரின் ஆய்வுத் திட்டத்தில் இரண்டாம் இந்திய மொழியில் படிக்கத் தெரிந்தவருக்குத் தனி இடங்கள் வைக்கலாம்.

வேலை விஷயத்தில் அரசு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆசிரியர் தேர்வு வாரியம் உதவிப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் கொடுக்கும்போது, தமிழ்ப் பாடத்துக்கான கல்வித் தகுதியில் எம்.ஏ. தமிழோடு, தமிழை ஒரு மொழியாகக் கொண்ட ஒப்பிலக்கிய முதுகலையையும் ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இளங்கலையில் தமிழ் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுக்கொள்ளட்டும். இணைத்தகுதி பற்றி உயர்கல்வித் துறை வெளியிடும் அரசாணைகளில் இதைவிடக் குழப்பமான எத்தனையோ பட்டங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.